இதுவா, அதுவா?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு மாதமாகக் கனவிலும் இரண்டு கம்ப்யூட்டர் பிராசசர்கள்தான். ஒன்றைப் போட்டால் கேம் பறக்கும் என்றார்கள். அதன் விலையும் பறந்தது. போட்டிக் கம்பெனியுடையது வெகு மலிவு, ஆனால் வேகம் ஒரு மாற்றுக் குறைவு என்று யூடியூப் வீடியோக்காரர்கள் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

கம்ப்யூட்டர் கடையில் இரண்டையும் அருகருகே ஓடவிட்டிருந்தார்கள். இரு திரையிலும் ஒரே கேம், ஒரே பனிக்காடு. வெள்ளைக் குதிரை ஒன்று மூச்சில் புகைவிட்டபடி மெல்ல நடந்தது. அதன் முதுகில் தானே மிதப்பதுபோல் அவர் சொக்கி நின்றார்.

கூட வந்த மனைவி ஒரு திரையைக் கைப்பையால் மறைத்தாள், பிறகு மற்றதை. கண் சோதிக்க வருகிறவர்களிடம் அவர் தினமும் கேட்கும் அதே குரலில், "இது நல்லா தெரியுதா, இல்ல இதுவா?" என்றாள்.

"இன்னொரு தடவை காட்டு."

காட்டினாள்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு," என்றார், குதிரையிலிருந்து இறங்காமலே.

"அப்படிச் சொல்றவங்களுக்கு எந்த லென்ஸ் போடுவீங்க?"

"பவர் குறைஞ்சதுதான். அதுக்கு மேல எதுக்கு வீணா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குள் அவள் மலிவான பிராசசருக்கு பில் போடச் சொல்லியிருந்தாள்.