எழுபத்தேழாவது ஓட்டை

வெர்னா கூடத்துக்குள் நுழையும்போதே லைமன் காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "வாம்மா வெர்னா, உனக்குன்னு ஒரு டோனட் ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்றார். மாதம் தவறாமல் இரண்டாம் ஞாயிறு நடக்கும் பழங்காசுச் சந்தையில் அவர் சொல்வது இதுதான். பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே டோனட். இன்றைக்கு அதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டோனட் கெடக்கட்டும். இதைப் படிங்க."

சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே 1916ஆம் வருஷத்துப் பத்து சென்ட் வெள்ளிக்காசு. கூடவே தரச்சான்று தரும் கம்பெனியின் துண்டுச் சீட்டு: நாணயச்சாலை எழுத்து பிற்பாடு ஒட்டப்பட்டது, காசு போலி.

அவளுடைய நீல ஆல்பத்தில் காசு பதிக்க எழுபத்தேழு ஓட்டைகள். எழுபத்தாறை நிரப்பியது லைமன் விற்ற காசுகள்தான். மிச்சம் ஒன்று, 1916இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்தது. பின்பக்கம் கடுகளவு 'டி' எழுத்து இருந்தால் ஆயிரம் டாலர் வரை போகும். இல்லாவிட்டால் அதை விற்று ஒரு வேளை சாப்பிடக்கூட முடியாது. இருபத்தாறு வருஷம் ஒஹையோவின் பனியில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள், அந்த ஒரு ஓட்டைக்காகவே சேர்த்து வைத்திருந்தாள்.

சான்று பெற்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வரும் காசை வாங்கித் தொலையேன் என்று கணவன் எர்ல் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். பெட்டியோடு அது ஓட்டைக்குள் போகாது என்று இவளும் அத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. ஆல்பம் நிரப்புகிறவர்களுக்கு வெறுங்காசுதான் வேண்டும். வெறுங்காசு வாங்கினால் யாராவது ஒரு ஆளை நம்பியாக வேண்டும். ஏப்ரலில் லைமனிடம் எண்ணூற்றைம்பது டாலர் கொடுத்து ஓட்டையை அடைத்தாள். ஆல்பத்தை இன்ஷூர் பண்ணப் போனால், அந்தக் காசுக்கு மட்டும் சான்று கேட்டார்கள். வாங்கிக் காட்டிவிட்டு, பெட்டியை உடைத்துக் காசை மறுபடி ஓட்டையில் போட்டுவிடலாம் என்றுதான் அனுப்பினாள். மூன்று மாதம் கழித்து வந்தது இந்தச் சீட்டு.

லைமன் சீட்டை இரண்டு தடவை படித்தார். கம்பெனிக்காரர்களுக்குக் குற்றம் கண்டுபிடிக்கத்தானே சம்பளம் என்றார். வழியில் எங்கேயாவது காசு மாறிப்போயிருக்கும் என்றார்.

"என்னைச் சொல்றீங்களா?"

"தபால்காரனைச் சொன்னேன்மா." பிறகு மேசைமேல் ஒட்டியிருந்த அட்டையைக் கண்ணால் காட்டினார். "அட்டை உறையோட பின்னைப் பிரிச்சு எடுத்த காசைத் திருப்பி வாங்கறதில்லைன்னு எழுதியே வெச்சிருக்கேனே."

"ஸ்டேப்ளர் பின்னைப் பிரிக்காம ஓட்டையில எப்படிப் போடறது? அட்டையோடயா? நல்லா இருக்கு உங்க சட்டம்."

பக்கத்து மேசைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நாணயப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். லைமன் அதைப் பார்த்தார். பணப்பையை எடுத்து நோட்டுகளை அவள் பக்கம் தள்ளினார். வெர்னா எடுத்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இதை நீங்க வாங்கும்போது லென்ஸ் வெச்சுப் பார்த்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் காசு கொண்டுவந்து தர்ற ஹோமர்கிட்ட வாங்கினது."

"நான் கேட்டது அது இல்லை."

"ஹோமரை முப்பது வருஷமாத் தெரியும் வெர்னா. அவன் நீட்டின காசை அவன் எதிர்லயே லென்ஸ் வெச்சுப் பார்த்தா அவன் என்ன நினைப்பான்?"

வெர்னா ராத்திரியெல்லாம் படுக்கையில் புரண்டு, ஒரு திருடனைத் திட்டுவதற்காக வார்த்தை தேடி வைத்திருந்தாள். திருடனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இந்த மனுஷன் பார்க்கவே இல்லை. அவளும்தான் பார்க்கவில்லை. லைமன் என்ன நினைப்பாரோ என்றுதானே ஏப்ரலில் லென்ஸைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள்?

"என் ஆல்பத்துல ஹோமர் குடுத்தது எத்தனை?"

"அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா?" என்றார். குரல் சுரத்தில்லாமல் வந்தது. "பத்துப் பன்னெண்டு இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"எதெது?"

அவருக்குத் தெரியவில்லை. அவள் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்தாள். அவருடைய கண்ணாடிப் பேழையின் மேல், விலைச்சீட்டுகள் எல்லாம் மறையும்படி, விரித்து வைத்தாள். தொப்பிக்காரர் ஒருவர் ஏதோ விலை கேட்க வந்து நின்றார். இன்றைக்கு இந்தக் கடையில் வியாபாரம் இல்லை என்று வெர்னாவே அவருக்குச் சொல்லி அனுப்பினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எழுபத்தாறையும் பாருங்க. இப்போ. என் எதிர்ல."

லைமன் அவளைப் பார்த்தார், ஆல்பத்தைப் பார்த்தார். லென்ஸை எடுத்தார். முதல் ஓட்டையிலிருந்து காசைத் தள்ளி எடுத்து, விளிம்பில் பிடித்துத் திருப்பினார்.

"நல்ல காசு."

"பார்த்துச் சொன்னீங்களா, பழக்கத்துல சொன்னீங்களா?"

அவர் விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு லென்ஸை மறுபடி கண்ணில் வைத்தார். இந்தத் தடவை நேரம் பிடித்தது. வெர்னா டோனட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை உட்கார வேண்டியிருக்கும்.