எலுமிச்சைத் தோல் தண்ணீர்

சோடா அண்ணியைத் தெரியாதவர்கள் அந்தக் குடியிருப்பில் இல்லை. நாற்பது வீட்டுப் பெண்களும் இருக்கும் கைப்பேசிக் குழுவில், காலை பதினோரு மணி ஆனால் அவள் குரல் வந்தாக வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சமையல் சோடா, கண்ணாடிக்கு வினிகர், பித்தளைக்கு உப்பும் எலுமிச்சையும், ஃப்ரிட்ஜ் நாற்றத்துக்குக் காபித்தூள். கடையில் திரவம் வாங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "காசைக் குடுத்து விஷத்தை வாங்கி வீட்டுக்குள்ள ஊத்துறாங்க" என்பாள். சொல்லும்போது மூக்கு கொஞ்சம் மேலே போகும்.

போகட்டும், அவ்வளவு பெருமை யாருக்கும் இருக்கலாம்தான். ஆனால் அவள் வீட்டுக் குளியலறை டைல்ஸ் இடுக்கு மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று மாதம் சோடா போட்டுத் தேய்த்தாள், வினிகர் ஊற்றினாள், பல் துலக்கும் பிரஷ் நாலு தேய்ந்தது. இடுக்கு கறுப்பு கறுப்பாகவே இருந்தது. கடைசியில் ஒருநாள், தன்னைத் தெரிந்தவர் யாரும் வராத தூரத்துக் கடைக்குப் பேருந்தில் போய் ஒரு பாட்டில் ப்ளீச் வாங்கி வந்தாள். எலுமிச்சை வாசனை போட்டது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து, மிச்சமிருந்த பிசினைச் சமையல் எண்ணெயும் சோடாவும் குழைத்துத் துடைத்தாள். அந்தத் தாளில் சிவப்பு எழுத்தில் இருந்த வரியை மட்டும் கிழிக்கும்போது படித்தாள்: புளிப்பான எதனோடும் கலக்கக் கூடாது, நச்சுக் காற்று வரும்.

இடுக்கு பளிச்சென்று வெளுத்தது. வந்து பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். "எலுமிச்சைத் தோலை மூணு வாரம் ஊறப் போட்ட தண்ணி" என்றாள். கேட்டவர்களுக்குப் பழைய பாட்டில்களில் தண்ணீர் கலந்து ஊற்றியும் கொடுத்தாள். ஆறு பேருக்கு. ஏழாவது பாட்டில் அவள் நாத்தனாருக்கு.

நாத்தனாரை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் குடியிருந்தாள்; அண்ணியின் கைப்பேசிக் குழுவில் அவளும் உண்டு. சிறு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. ப்ளீச் வாசனை எட்டிப் பார்த்தாலே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இது அண்ணிக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தாள். இருமடங்கு தண்ணீர் விட்டிருக்கிறோமே, கொஞ்சத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் பதினொன்றே காலுக்குக் குழுவில் சின்னவளின் குரல் வந்திருந்தது. அண்ணி அடுப்பங்கரையில் கை வேலையாக இருந்ததால், அதைக் கேட்கும்போது ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"அண்ணி, சாயங்காலம் என் மாமியார் வர்றாங்க. பாத்ரூம் பார்க்கச் சகிக்கல. நீங்க குடுத்த எலுமிச்சைத் தண்ணிய தரை பூரா ஊத்திட்டேன். கொஞ்சம்தான் வெளுக்குது. நேத்து நீங்க சொன்னீங்கல்ல, குழாய்ல இருக்கற உப்புக்கறைக்கு வினிகர் ஊத்திக் கதவைச் சாத்தி வைக்கணும்னு, அதையும் மேலயே ஊத்திடறேன். வீடெல்லாம் வாடை வராம கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து தேய்ச்சு முடிச்சிடறேன்."

கிழித்த தாளின் சிவப்பு வரி அண்ணிக்கு நினைவு வந்தது. உடனே சின்னவளை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். கைப்பேசி சாப்பாட்டு மேசை மேல் கிடக்கும்; சின்னவள் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பாள். அவள் கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சின்னவளின் எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா உண்டு. அண்ணிக்கும் இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள், எண் இருந்தது. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"அக்கா, எதிர்வீட்டுக்குப் போய் எங்க சின்னவளை பாத்ரூம விட்டு வெளிய வரச் சொல்லுங்க."

"ஏன், என்னாச்சு?"

இங்கேதான் அண்ணி செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை மென்று முழுங்கினாள். தையல்காரியிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் நாற்பது வீட்டுக்கும் போய்விடும் என்ற நினைப்பு, அந்த நேரத்திலும், அந்த நெஞ்சில் எட்டிப் பார்த்தது.

"தரை வழுக்கும்க்கா, விழுந்துடப் போறா. அதான்."

"அதுக்கென்ன, இந்த ஜாக்கெட் கையை மட்டும் தைச்சுட்டுப் போறேன். ரெண்டு நிமிஷம்" என்று தையல்காரி வைத்துவிட்டாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

அண்ணி அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பார்க்காமல், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். முதல் தெருமுனையில் மறுபடி அழைத்தாள். தையல்காரி எடுக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது. இரண்டு தெரு அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இந்நேரம் துணியை வீசிவிட்டு ஓடியிருப்பாள் என்று மூச்சு வாங்க வாங்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்து கிடந்தது. அப்போதுதான் வந்திருந்த தையல்காரி, சின்னவளைக் கூடத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்னவளின் கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்து நீர் வழிந்தது. இருமல் நிற்கவில்லை, இருமலுக்கு நடுவே இழுக்கும் மூச்சில் விசில் சத்தம் வந்தது. இன்ஹேலரை அவள் கை தேடிக்கொண்டிருந்தது, கண் தெரியவில்லை. அண்ணி அதை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள்.

"நானாத்தான் கதவைத் திறந்துட்டு வந்தேன் அண்ணி" என்றாள் சின்னவள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை நின்று. "காத்தே இல்லாத மாதிரி இருந்துச்சு."

தையல்காரி ஆட்டோ பிடிக்கக் கீழே ஓடினாள். அந்த இடைவெளியில் அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய், வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டி, ஜன்னலைத் திறந்துவிட்டாள். அது நியாயம். மூலையில் இருந்த தன் பாட்டிலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அது நியாயமே இல்லை.

ஆஸ்பத்திரி சின்னது, பத்துப் படுக்கை. டாக்டர் இளம்பெண். சின்னவளுக்கு முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தாள். அதற்குள் அண்ணியின் கணவன், சின்னவளின் சொந்த அண்ணன், லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு வந்து நின்றான்.

"என்ன போட்டுக் கழுவினீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

சின்னவள் முகமூடியைத் தூக்கினாள். "வினிகர். அப்புறம் எங்க அண்ணி குடுத்த எலுமிச்சைத் தோல் தண்ணி. கடைச் சாமான் எதுவும் போடல டாக்டர். எங்க அண்ணி அதெல்லாம் தொடவே மாட்டாங்க."

"அப்ப அதுல ஒண்ணும் இல்ல. பழைய மூச்சிரைப்புதான், தூசியும் ஈரமும் சேர்ந்து கிளப்பிடுச்சு. இன்னொரு தடவை மருந்து வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம்." டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கினாள்.

அண்ணன் நெஞ்சைத் தடவிப் பெருமூச்சு விட்டான். அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். வீட்டுக்குப் போகலாமாம். இத்தோடு முடிந்தது. பாட்டிலை எங்கேயாவது குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். முகமூடிக்கு உள்ளே சின்னவளின் உதடு நீலம் பூத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே வாங்கியது. பழைய மூச்சிரைப்பில் அவளைப் பல தடவை பார்த்தவள் அண்ணி. அது இப்படி இருக்காது.

டாக்டர் கடைசி வரிக்கு வந்துவிட்டாள்.

"அது எலுமிச்சைத் தண்ணி இல்ல" என்றாள் அண்ணி.

பையைத் திறந்து பாட்டிலை மேசை மேல் வைத்தாள்.

"ப்ளீச். அது மேலதான் வினிகரை ஊத்தியிருக்கா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தா, பத்து நிமிஷத்துக்கு மேல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தாள், அவ்வளவுதான். நர்ஸைக் கூப்பிட்டு ஆக்சிஜனை மாட்டச் சொன்னாள், நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னாள். எழுதின சீட்டைக் கிழித்தாள். "நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க. இந்தக் காத்து உள்ள போனா நுரையீரல் அஞ்சாறு மணி நேரம் கழிச்சுக்கூட வீங்கும். வீட்டுக்கு அனுப்பியிருந்தா தூக்கத்துலயே போயிருப்பாங்க. நாளைக்குக் காலை வரைக்கும் இங்கதான். இதை வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

"ஆறு பேருக்கு."

அண்ணன் தன் மனைவியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணி அங்கேயே நின்று, எல்லார் காதிலும் விழ, கைப்பேசியைத் திறந்து குழுவில் பதிவு செய்தாள். "நான்தான் பேசறேன். உங்க ஆறு பேருக்கும் குடுத்த பாட்டில்ல இருக்கறது ப்ளீச். கடையில வாங்கினது. பொய் சொல்லிக் குடுத்தேன். வினிகர், எலுமிச்சை எதுகூடவும் சேர்த்துடாதீங்க, இப்பவே தனியா எடுத்து வெச்சிடுங்க. எங்க சின்னவ ஆஸ்பத்திரில இருக்கா." அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அது நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"துணைக்கு ஒருத்தர் கூடவே உக்காந்து மூச்சைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றாள் டாக்டர். "கண் அசரக் கூடாது."

"நான் இருக்கேன்" என்றான் அண்ணன். பிறகு, முகத்தைத் திருப்பாமலே மனைவியிடம், "நீ வீட்டுக்குப் போ."

அவள் பையை எடுத்தாள். வாசல் வரைக்கும் போனாள்.

கட்டிலில் சின்னவள் கையைத் தூக்கினாள். முகமூடியை விலக்கி, ஒரு மூச்சு இழுத்து, நின்று, இன்னொரு மூச்சு இழுத்தாள்.

"நீ தூங்கிடுவ அண்ணா. அவங்களே இருக்கட்டும். இன்னிக்கு அவங்களுக்குத்தான் கண்ணு மூடாது."

அண்ணி திரும்பி வந்து நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்னவள் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகு ஏறி இறங்குவதை அண்ணி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.