நல்லது போட்ட வண்டி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சத்தம் கேட்காமல் போனதால் பிறந்தது.

எதிர்வீட்டு வேன் காலையில் கிளம்பினால் எங்கள் தெருவே எழுந்து உட்காரும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற சத்தம். அலாரம் வைத்து எழுந்த பழக்கமே எனக்குக் கிடையாது. ஒரு நாள் வெயில் முகத்தில் அடித்துத்தான் விழித்தேன். ஜன்னலுக்கு ஓடினால் வேன் இல்லை. எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது! எனக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் ஒரு பூனைகூட (இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். இது என்னைப் பற்றிய கதை இல்லை.)

சாயங்காலம் விசாரித்தேன்.

"டீசலை மாத்தியிருக்கேன்," என்றார் வேன்காரர். வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்கிறவரின் முகம்.

பங்க்கில் இரண்டு டீசல் உண்டு. ஒன்று சாதா, இன்னொன்று விலை கூடின பிரீமியம். மனிதர் பிரீமியத்துக்கு மாறியிருந்தார்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கொடுக்கிற கூடுதல் விலைக்குப் பிரீமியம் டீசலில் பலன் உண்டா என்ற கேள்வி வாகன உரிமையாளர்களிடையே..." (அடித்துவிட்டேன். பங்க் வாசலில் கொடுக்கிற துண்டுத்தாள் மாதிரி இருக்கிறது.)

"வேன்காரருக்குத் தன் வேன் மேல் கொள்ளைப் பிரியம். மனைவியைவிட" (இதையும் அடித்துவிட்டேன். அந்த அம்மாள் படிக்க நேர்ந்தால் எதிர்வீட்டில் நான் குடியிருக்க முடியாது.)

"அந்த வீட்டில் 'நல்லது', 'கெட்டது' என்ற இரண்டு சொற்களுக்கும் இரண்டிரண்டு அர்த்தம் இருந்தது."

இது இருக்கட்டும். இதில்தான் கதை மாட்டிக்கொண்டிருக்கிறது.

அது வாடகை வேன். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போகும். சவாரி வந்தால் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "நல்லதா, கெட்டதா?" நல்லது என்றால் கல்யாணம்; வேன்காரர் பாட்டு தேடி வைப்பார். கெட்டது என்றால் சாவு. பாட்டை அணைத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார்.

பிரீமியத்துக்கு மாறிய அன்று, "இனிமே நம்ம வண்டிக்கு நல்லதுதான்," என்று வாயை விட்டார்.

"அப்போ இத்தனை வருஷமா ஊத்தினதெல்லாம் கெட்டதா?" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து பிரீமியம் நல்லது, சாதா கெட்டது. விளையாட்டாய் ஒட்டிய பெயர், போகவில்லை.

3

மனைவிக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அனுப்புவாள்.

"சத்தம் இதமா இருக்குன்னு யாராவது கூடக் காசு குடுத்து டீசல் வாங்குவாங்களா? கச்சேரியா கேக்கறீங்க?"

"சத்தம் மட்டுமில்லம்மா. எஞ்சின் உள்ள சுத்தமா இருக்கும். இந்த வயசுல அதுக்கு அதுதான் மருந்து."

"உள்ள போய் யாரு பாத்தா? பல்லுன்னா டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்துடுவாரு. உங்க எஞ்சின் ஆ காட்டுமா?"

வேன்காரருக்குச் சாவியைத் திருப்பும்போது உள்ளங்காலில் ஒரு நிம்மதி ஏறுகிறது, அதை எப்படி வாயால் சொல்வது? வேன் கிழண்டு போயிருந்தது. அதை விற்றுவிட்டு, யாருடைய காரையாவது ஓட்டச் சம்பளத்துக்குப் போகும்படி மனைவி வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் என்கிற ஒன்று இல்லாத தன்னை அவருக்கு நினைத்துப் பார்க்கவே தெரியவில்லை.

கடைசியில் பந்தயம் வைத்தாள். "மயானத்து மேடு இருக்கில்ல? வண்டி நிறைய ஆளோட, ரெண்டாவது கியர்லயே அதை ஏறட்டும். ஏறிட்டா நான் வாயே திறக்க மாட்டேன். முக்கிட்டு நின்னுச்சுன்னா வித்துடணும்."*

* மெக்கானிக்கை இந்தக் கதைக்குள் விடக்கூடாது என்றுதான் இருந்தேன். குறுக்கே வந்து நிற்கிறார்: "டீசலை மாத்தின அதே வாரம், எஞ்சின் அதிர்வைத் தாங்குற அடி ரப்பரை நான் மாத்தினேனே, அதை ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?" சரி, சொல்லிவிட்டேன். இனி அவர் வரமாட்டார்.

4

மேட்டுப் பக்கம் சவாரி வரவேயில்லை. பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போதும் உங்க கூத்து. இன்னைக்குக் கெட்டதே போடுங்க," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். வேன்காரர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள்.

அவள் போன பிறகுதான் போன் வந்தது. பக்கத்துத் தெரு டீச்சரின் கணவர் இறந்துவிட்டார். பல வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். டீச்சர் பள்ளிக்கூட வேலையையே விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். நகைகள் போயின, பின்பக்கத்து மனை போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு எது நடந்தாலும் நம் வேன்தான்.

உடல் முன்னால் வேறு வண்டியில் போனது. வேன்காரர் வழியில் பங்க்குக்குள் திருப்பி, மனைவி சொன்னதை மீறி, நல்லதே போட்டார். பின்னால், பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கமில்லை என்றாலும் ஏறிக்கொண்ட டீச்சரும் உறவினர்களும். முன்சீட்டில் டீச்சரின் கொழுந்தனார், விறைப்பான ஆள். கடைசி சீட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியாது.

மேடு தொடங்கியது. வேன்காரர் இரண்டாவது கியருக்கு வந்தார். முதுகு நிமிர்ந்ததைக் கடைசி சீட்டிலிருந்தே பார்த்தேன்.

போன் அடித்தது. கை ஸ்டியரிங்கில் இருக்கும்போது தானாகவே எடுத்துக்கொள்கிற போன் அது. பேச்சு வேனின் ஸ்பீக்கரில்தான் வரும். அந்த ஸ்பீக்கரின் சத்தம் பழைய இரைச்சலை மிஞ்சுவதற்காக வைத்தது. இரைச்சல் போன பிறகும் அதைக் குறைக்கவேண்டும் என்று மனிதருக்குத் தோன்றவேயில்லை.

"என்னங்க," என்றது மனைவியின் குரல், வேன் முழுக்க. "நல்லதா, கெட்டதா?"

சவாரியைக் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் டீசலைக் கேட்டாள்.

"கெட்டதும்மா," என்றார் அடக்கமாக.

"அப்பாடா! இப்பதான் எனக்கு நிம்மதி. எவ்வளவு நாளா வீண் செலவு! ஒரு வழியா முடிஞ்சுதே. இனிமேயாவது நாலு காசு மிஞ்சும்."

வைத்துவிட்டாள்.

5

இந்த இடத்தைப் பல தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் என் சொற்கள் அந்த வேனுக்குள் இருந்ததைவிட அதிகச் சத்தம் போடுகின்றன.

அவ்வளவு அமைதி. டயருக்கு அடியில் சரளைக்கல் நெரிவது கேட்டது. யாரோ எச்சில் விழுங்கியது கேட்டது. எஞ்சின், அந்தக் கிழட்டு எஞ்சின், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு மாடி ஏறுகிறவளைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு ஏறியது. இத்தனை வருடம் அதைத் திட்டிக்கொண்டு விழித்த நான், இன்னும் கொஞ்சம்தான் என்று அதற்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வண்டியை நிறுத்துய்யா!" என்றார் கொழுந்தனார். "யாரு வீட்டுச் சாவுல யாரு சந்தோஷப்படறது?"

நிறுத்தினால் முதல் கியரில்தான் கிளம்ப முடியும். பந்தயம் போய்விடும், வேனும் போய்விடும். நிறுத்தாவிட்டால் இந்தக் குடும்பம் போய்விடும். வேன்காரரின் கால் பிரேக்குக்கு மேலே, அதைத் தொடாமல், நின்றது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னச் சத்தம். விக்கல் என்று நினைத்தேன். டீச்சர் சிரித்தார்.

"நிறுத்தாதீங்க தம்பி. போங்க."

"அண்ணி, அந்தப் பொம்பளை என்ன சொன்னா தெரியுமா?"

"எனக்கும் காது இருக்கு. காலையிலேருந்து எத்தனை பேர் வந்து பேசிட்டுப் போனாங்க. என் மனசுல இருக்கிறதை அவ ஒருத்திதான் சொன்னா." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று அவர் அழுது அதுவரை யாரும் பார்க்கவில்லை. "எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு. அதைச் சொல்ல நாக்கு வரல."

அப்புறம், "இதை அந்தப் பொண்ணுகிட்ட யாரும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா அவ தூங்க மாட்டா," என்றார்.

கொழுந்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் இரண்டாவது கியரிலேயே உச்சிக்கு வந்து நின்றது.

பழைய சத்தம் இருந்திருந்தால், டீச்சர் சிரித்தது முன்சீட்டுக்கு எட்டியிருக்காது. அந்தச் சிரிப்பைக் கேட்டிராவிட்டால், வேன்காரரின் கால் பிரேக்கில் இறங்கியிருக்கும். இதற்கெல்லாம் பங்க்கில் என்ன விலை போடுவார்கள்?

(வீடு திரும்பியும் நான் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.)

6

இனி முடிவு. அன்று சாயங்காலம், எதிர்வீட்டு வாசல்.

"டீச்சர் வீட்டுச் சவாரியாமே? பாவம் அந்த மனுஷன். மேடு ஏறுச்சா?"

"ஏறுச்சு. ரெண்டாவது கியர்லயே."

"பாத்தீங்களா!" மனைவி கையைத் தட்டினாள். "கெட்டதைப் போட்டே ஏறிடுச்சு! அப்புறம் எதுக்கு நல்லது?"

அவர் வாயைத் திறந்தார்.

ஒரு முடிவில், நல்லதுதான் போட்டேன் என்கிறார். அப்போ கெட்டதுன்னு ஏன் சொன்னீங்க என்று அவள் கேட்பாள். பதில் சொன்னால், தன் குரல் எந்த வேனுக்குள் யார் காதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இன்னொரு முடிவில், ஆமாம்மா, கெட்டதே போதும் என்கிறார். வேன் தப்பித்தது. ஆனால் அதன் ஆயுசுக்கு மருந்து என்று அவர் நம்பியதைத் தன் கையாலேயே நிறுத்துகிறார். மூன்றாவதாக ஒன்று எழுதினேன், அதில் மெக்கானிக் வந்து (இல்லை, வரமாட்டார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

நான் ஜன்னலில்தான் இருந்தேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருப்பேன், நீங்களும் என்னை நம்பியிருப்பீர்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிர்வீட்டில் பேச்சு நடக்கும்போது, நான் ஜன்னலைச் சாத்தினேன்.

அன்று போட்டது தீர்ந்த பிறகு ஒரு காலையில் வேன் கிளம்பும். தெரு விழித்துக்கொண்டால் அவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தூங்கினால் இன்னொன்றை. உங்களுக்குத்தான் காது இருக்கிறதே.