மிஸ் என்று கூப்பிட்ட வியாழக்கிழமை

பான்ட்வென் ஊர் இளைஞர் மன்றத்தில் பயிற்சிக்கு வந்த டீகனை யாரும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் "ஏய்" என்பார்கள். இளைஞர் பணிப் பட்டப்படிப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது: பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வந்தே தீரவேண்டும், மன்றத்துக்கு இஷ்டம் இருந்தால் வருவார்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போவார்கள். அந்த வித்தியாசம் போய்விட்டால் இந்த வேலையே இல்லை.

அதனால் அன்று மாலை ஆறு மணிக்கு மன்றத்துப் பையன் ரோட்ரி கதவைத் தட்டி, "உள்ள வரலாமா மிஸ்?" என்று கேட்டபோது அவள் சட்டென்று மூலையைப் பார்த்தாள்.

அங்கே நெரிஸ் உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், மடியில் கோப்பு. களப்பயிற்சியில் டீகன் வேலை செய்வதை அவர் இரண்டு முறை பார்க்க வேண்டும். நவம்பரில் வந்தபோது டீகன் மதுப் பழக்கத்தைப் பற்றி விளக்கப்பட அட்டை மாட்டி நாற்பது நிமிடம் பேசினாள். பயத்தில் பேச்சு நிற்கவே இல்லை. "பாடம் நன்றாக இருந்தது. நீ ஆசிரியை அல்ல" என்று நெரிஸ் எழுதிவைத்தார். அது தோல்வி. இன்று இரண்டாவது, கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் பட்டம் இந்த வருடம் கிடையாது. வேறு ஊரில், வேறு மன்றத்தில் மறுபடி முதலிலிருந்து.

போன வாரம் டீக் கோப்பைகளைத் துடைக்கும்போது இதை மன்றத்துக்கு வரும் லௌரியிடம் சொல்லிவிட்டாள். "நான் தேறலேன்னா இங்க வரமாட்டேன்." பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய சுமை அல்ல அது. வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

லௌரி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

பதினொரு பேர் வந்தார்கள். நனைந்த மேல்கோட்டுகளைக் கொக்கியில் மாட்டினார்கள். அந்தக் கொக்கிகள் இருப்பதே இத்தனை நாள் யாருக்கும் தெரியாது. பில்லியர்ட்ஸ் மேஜைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

பேருந்து நிறுத்தக் கூரையைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. எவனோ கொளுத்தியதால் நகராட்சி அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மூன்று வாரமாகப் பிள்ளைகள் மழையில் நிற்கிறார்கள். போன வியாழன் இதற்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறாத குறை.

"கூரை விஷயமா என்ன செய்யலாம்?" என்று டீகன் கேட்டாள்.

லௌரி கையைத் தூக்கினாள். "நீங்க என்ன சொல்றீங்களோ அதையே செய்யலாம் மிஸ்."

"ஆமா மிஸ்," என்றார்கள் இன்னும் நாலு பேர்.

நெரிஸ் தலை நிமிர்ந்தார். "போன வாரம் இங்க என்னப்பா செஞ்சீங்க?" என்று ரோட்ரியைக் கேட்டார்.

"படிச்சோங்க."

"என்ன படிச்சீங்க?"

ரோட்ரி விட்டத்தைப் பார்த்தான். "இளைஞர் பணி."

யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார்கள். லௌரி அவன் காலை மிதித்தாள்.

டீகனுக்குக் காது சூடாகிவிட்டது. பேசாமல் இருந்தால் ஒருவேளை இப்படியே ஓடிவிடும். கலகலப்பில்லை என்று எழுதுவார், ஒழுங்கு இருந்தது என்றும் எழுதுவார். நெரிஸ் இதை நம்புகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நெரிஸ், இது நடிப்பு," என்றாள். குரல் தாழ்ந்துதான் வந்தது. "இவங்க மேல தப்பில்ல. தேறலேன்னா போயிடுவேன்னு லௌரிகிட்ட நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது." பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "எனக்காக யாரும் உக்கார வேணாம். போகணும்னா போங்க."

எழுந்துபோய்க் கதவைத் திறந்து, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தாள். மழைக்காற்று உள்ளே அடித்தது.

"நெஜமாவா?" என்றான் ரோட்ரி. "எனக்குப் பசி உயிர் போகுது." போய்விட்டான். அவன் பின்னால் ஆறு பேர் போனார்கள்.

மிச்சம் நாலு பேர். லௌரியின் கண் கலங்கியிருந்தது. "லூசா நீ? நல்லாத்தானே போச்சு!"

"நல்லா போகல லௌரி."

"ரெண்டு நாள் ஒத்திகை பாத்தோம் தெரியுமா?"

 டீகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு பேரும் பேசவில்லை. நவம்பரில் அவள் இந்த மௌனத்தை ஐந்து நொடிகூடத் தாங்கியிருக்க மாட்டாள்.

லௌரிதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "கடுதாசி எழுதலாம். நகராட்சிக்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு."

"கடுதாசியா? உங்க தாத்தா காலமா இது?" வாசலில் ரோட்ரி. கையில் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலம், அதிலிருந்து வினிகர் வாசனை. "மழையில நிக்கிறத போட்டோ எடுத்து அனுப்பணும். தெனமும்."

"உன் மூஞ்சிய தெனமும் பாத்தா அவங்க இருக்கிறதையும் பேத்துட்டுப் போவாங்க."

"அப்ப உன் மூஞ்சிய அனுப்பு. பயந்து உடனே கட்டிடுவாங்க."

போனவர்களில் மூன்று பேர் அவன் பின்னால் உள்ளே வந்தார்கள். சண்டை சூடு பிடித்தது. மேல்கோட்டுகள் தரையில் விழுந்தன.

டீகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு நம்மளத் தவிர வேற யாரு நிக்கறா?"

ரோட்ரி மெல்லுவதை நிறுத்தினான். "முதியோர் இல்லத்துல வேலை பாக்கிறவங்க. எங்கம்மாவும்தான்."

"அவங்களையும் சேத்துக்க வேண்டியதுதானே, மண்டு," என்றாள் லௌரி.

எட்டு மணிக்கு நெரிஸ் கோப்பை மூடினார். "லௌரிகிட்ட சொன்னதையும் திங்கக்கிழமைக்குள்ள உன் பயிற்சிப் பதிவேட்டுல எழுதிடு. அது சின்னத் தப்பில்ல. என் அறிக்கையிலயும் வரும்." ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "அதோட சேத்துத்தான் தேர்ச்சி போட்டிருக்கேன்."

அவருடைய கார் கிளம்பியதும் லௌரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்ன, பாஸ் வாங்கிட்டியா?"

"அத உங்கிட்ட சொல்ல மாட்டேன். போன வாரம் சொன்னதே தப்பு."

லௌரி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வாங்கிட்ட," என்று சொல்லிவிட்டு, கழுவாத கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனாள்.