லிட்டருக்கு இருபத்திரண்டு

கார் வாங்கிய சொந்தக்காரர்கள் எல்லோரும் காரோடு சேர்த்து அவருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். டயருக்குக் காற்று எவ்வளவு வைப்பது, ஏசியைப் போட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்குமா, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் அதிகம் குடிக்குமா, ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டுமா, மழைத் தண்ணீரில் நின்ற வண்டியை உடனே கிளப்பலாமா, எல்லாவற்றுக்கும் அவர்தான். இத்தனைக்கும் அவர் மெக்கானிக் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க இருட்டறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது அவர் வேலை. காரைப் பற்றிய அறிவு, அவர் வைத்திருந்த வெள்ளி நிற செடானைத் தானே துடைத்து, தானே கவனித்து, தானே ஓட்டிச் சேர்த்தது.

ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்பார் அடிக்கடி. அதனால் வீட்டில் அவர் பெயர் சொட்டு. குழந்தைகளுக்கு சொட்டு மாமா. அவருக்கு அதில் கோபம் கிடையாது. கார் வைத்திருப்பவர்களை உலகமே கேட்கும் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் மட்டும் முகம் மலரும்.

"என்ன குடுக்குது?"

"இருபத்திரண்டு."

லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்ட டாக்டருக்குப் பதில் சொல்வதுபோல, கூட்டாமல் குறைக்காமல் சொல்வார்.

அந்த இருபத்திரண்டை நம்பித்தான் அவருடைய தம்பி அதே மாடலை வாங்கினான். நிறம்கூட அதே வெள்ளி. ஆனால் தம்பியின் கார் பதினான்கைத் தாண்டவில்லை. முதல் மாதம் வண்டியில் ஏதோ கோளாறு என்றான். அடுத்த மாதம் பெட்ரோல் பங்கில் கலப்படம் என்றான். மூன்றாம் மாதம் அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. சும்மா ஒரு பேச்சுக்குத்தானே இருபத்திரண்டுன்னு அடிச்சு விட்டீங்க?"

"வண்டியை ஒரு வாரம் என்கிட்ட குடு. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எதுக்கு? எனக்குத் தெரியாம நாலு லிட்டரை ஊத்தி வெச்சுட்டு, பாத்தியா இருபத்திரண்டுன்னு சொல்றதுக்கா?"

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு தம்பியிடம் அவர் காரைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டு விசேஷங்களில் தம்பி அதை விடவும் இல்லை. "எங்கண்ணனுக்கு வயசு அம்பத்தாறு, மைலேஜ் கணக்குல நாப்பது" என்பான். சிரிப்பு எழும். மனைவி மட்டும் கணவரின் முகத்தைப் பார்ப்பாள். அது சுவர்போல இருக்கும்.

அவர் இறந்தது ஆஸ்பத்திரியிலேயே, தன் அறை வாசலில், அடுத்த நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தபோது. சுற்றிலும் டாக்டர்கள் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அம்மாவுக்குத் துணையாக வந்து தங்கிய மகள்தான் அதன் பிறகு காரை எடுத்தாள். பென்ஷன் அலுவலகம், கடை, வங்கி என்று ஓட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு, விளையாட்டாகத்தான், சித்தப்பா வந்திருந்தபோது சொன்னாள்.

"சித்தப்பா, அப்பா கார் எனக்குப் பதிமூணரைதான் குடுக்குது."

தம்பி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தான். ஜெயித்தவன் முகம் அது. உடனே அதை மாற்றிக்கொள்ளவும் பார்த்தான்.

"பாத்தீங்களா அண்ணி? நான் ஒண்ணும் சும்மா கத்தல. போனவரைப் பத்திப் பேசக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். அண்ணன் நல்ல மனுஷன், தங்கமான மனுஷன். இந்த ஒரு விஷயத்துல புளுகிட்டாரு."

"சித்தப்பா!" என்றாள் மகள்.

"தப்பா சொல்லலம்மா. எல்லாருக்கும் ஒரு புளுகு வேணும். அவருக்கு இது."

அவன் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. மனைவிக்குக் கணவரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்: பொய் சொல்லாத மனிதர். அழகில்லை, சாமர்த்தியமில்லை, சத்தமாகச் சிரிக்கக்கூடத் தெரியாது. வாங்கிய புடவை நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல்லி, இரண்டு நாள் பேச்சு நின்ற சம்பவங்கள் உண்டு. அப்படிப்பட்டவர் தன் தம்பியிடமே, வருஷக்கணக்காக, முகம் மலர்ந்து ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், மற்றதில் எது மெய்? இருபத்திரண்டு சரியா என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பெட்ரோல் போடுவது அவர் வேலை. பக்கத்து சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது அவள் வேலை.

மகளை ஓட்டச் சொல்லி, காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் பானெட்டைத் திறந்து, ஏர் பில்டரை உருவித் தட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"வண்டி குழந்தை மாதிரி இருக்கும்மா. சார் அவ்வளவு நல்லா வெச்சிருந்தாரு."

"அப்ப இருபத்திரண்டு குடுக்குமா?"

மெக்கானிக் கையைத் துடைத்தார். "கம்பெனிக்காரன் விளம்பரத்துலயே பத்தொன்பதுதான் போட்டிருக்கான். அவனே கூட்டித்தான் போடுவான். இருபத்திரண்டெல்லாம்..." என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார் நியூட்ரல்ல போட்டு உருட்டுவாரோ என்னவோ" என்றார்.

"மாட்டாரு. இறக்கத்துல நியூட்ரல்ல விடறவன் லைசென்ஸைப் பிடுங்கணும்பாரு."

"அப்ப தெரியலம்மா."

மகள் தன் ஊருக்குத் திரும்பியதும் அம்மாவே ஓட்டத் தொடங்கினாள். லைசென்ஸ் இருந்தது, பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. இத்தனை வருஷமும் அவர்தான் காலையில் இறக்கிவிட்டுப் போவார். அதே சாலை, அதே நேரம். முதலில் இரண்டு வாரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஓட்டினாள். பின்னால் வருபவர்களின் ஹாரன் எல்லாம் தனக்கே என்று தோன்றியது. டேங்கை நிரப்பிக் கணக்கு பார்த்தால் பதினைந்து. தம்பி சொன்னது சரியோ என்ற எண்ணம் மறுபடியும் வந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, அச்சகத்தின் நீளமான மதில் சுவர் பக்கத்தில் வரும்போது அது நடந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். "நேத்து ஒருத்தன் வந்தான், சாவியை முழுங்கிட்டானாம்..." என்று தொடங்குவார். அவள் ஆவலாகத் திரும்புவாள். ஆள் சாலையைப் பார்த்துக்கொண்டு பொம்மைபோல இருப்பார். அரைக் கிலோமீட்டர் கழித்து, "எந்தச் சாவின்னு கேக்கலையே நீ. பீரோ சாவி" என்பார். இதற்காக அவள் போடாத சண்டை இல்லை. "பேசினா முழுசாப் பேசுங்க, இல்லன்னா வாயைத் திறக்காதீங்க" என்றிருக்கிறாள். அவர் திருந்தவில்லை. ஆனால் அவர் பேசுகிற இடங்கள் அவளுக்குத் தெரியும். அச்சக மதில் தொடங்கினால் பேசுவார். மேம்பாலத்தின் இறக்கத்தில் பேசுவார். முக்கியமான விஷயங்களுக்கெல்லாம் மேம்பாலம்தான். மகளை விடுதியில் சேர்ப்பது, அவள் காட்டிய பையனையே முடிப்பது, எல்லாம் அந்த இறக்கத்தில் முடிவானவை. பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலையின் வாசலில் தொடங்கி அடுத்த சிக்னல் வரை பேசுவார்.

அன்று மதில் தொடங்கியதும், பழக்கதோஷத்தில், அவர் பேசுவார் என்று அவள் காதைக் கொடுத்தாள். காதைக் கொடுத்ததில் கால் தானாக ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது. எஞ்சின் சத்தம் அடங்கியது. கார் தன்பாட்டுக்கு, நீரில் விட்ட தக்கைபோல, மதில் நெடுக வழுக்கிப் போனது. மதில் முடிகிற இடத்தில் வேகம் பாதியாகி இருந்தது. எதிரே சிவப்பு விளக்கு. அவள் பிரேக்கில் காலை வைப்பதற்குள் அது பச்சையானது.

பிரேக்கைத் தொடவே இல்லை.

அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள்.

எஞ்சின் உழைக்கும்போது அவர் பேச மாட்டார். அதன் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். காலை எடுத்துவிட்டால் பேசுவார். இதுதான் விஷயம். முன்னால் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்து, எங்கே காலை எடுத்தால் வண்டி சும்மாவே போய்ச் சேரும் என்று இந்தச் சாலையின் ஒவ்வொரு முழமும் அவருக்குப் பாடம். அவர் சேமித்த பெட்ரோலில்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று பல் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போனாள்.

பிறகு அவள் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, நினைவுபடுத்திக்கொண்டாள். இந்த இடத்தில் என்ன சொன்னார், எங்கே நிறுத்தினார். பேச்சு வந்த இடத்தில் காலை எடுத்தாள். பேச்சு நின்ற இடத்தில், முட்டையை மிதிப்பதுபோல, மெல்ல அழுத்தினாள். மகள் டிக்கியில் விட்டுப்போயிருந்த பெட்டிகளை இறக்கினாள். டயருக்குக் காற்று பார்த்தாள். ஒரு டேங்க் பதினேழு தந்தது. அடுத்தது பத்தொன்பது.

அன்றைக்கே கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கே? கார்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம் வா."

"யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"இன்சூரன்ஸ் கட்டியாச்சா அண்ணி?"

மகள் படித்த கல்லூரி இருந்த ஊருக்குப் போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. அவரும் அவளும் மாதம் ஒருமுறை போய்வந்த சாலை. அவர் வழக்கமாகப் போடும் பங்கில், டேங்கை நிரப்பி, பைப் தானாக நின்றதும் போதும் என்றாள். தம்பி இறங்கி வந்து மூடியை எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும் என்றுதான் அவனை அழைத்திருந்தாள்.

அவனுக்கு வாய் ஓயாது. அலுவலகம், பக்கத்து வீட்டுக்காரன், முட்டிவலி என்று அவிழ்த்துவிட்டான்.

"தம்பி, கொஞ்சம் பேசாம இரு."

நிறுத்தினான். மேடு முடிந்தது. அவள் காலை எடுத்தாள்.

"இப்ப பேசு."

"நான் என்ன ரேடியோவா அண்ணி, திருகி நிறுத்தறதுக்கு?" என்றான். அடுத்த மேட்டில் அவள் கையைக் காட்டினாள். நிறுத்தினான். இப்படி நாலைந்து முறை நடந்தது. அதற்குள் அவன் அவளுடைய காலைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். பிறகு சாலையைப் பார்த்தான். தூரத்தில் ஒரு லாரி வளைவில் திணறுவது தெரிந்ததுமே அவள் கால் எழுந்ததையும், லாரியை நெருங்குவதற்குள் அது வழிவிட்டதையும், இவர்கள் பிரேக்கைத் தொடாமல் கடந்ததையும் பார்த்தான். கிளம்பியதிலிருந்து பிரேக் எத்தனை முறை போட்டாள் என்று யோசித்திருப்பான் போலிருக்கிறது. பேச்சே நின்றுபோனது.

திரும்பும் வழியில் ஒரு நீண்ட இறக்கத்தில் கார் அமைதியாக உருண்டுகொண்டிருந்தபோது, அவள் சொல்லாமலே பேசினான்.

"அண்ணி, அண்ணன் கடைசியா என்னை ஸ்டேஷன்ல விட்டாரே, அன்னிக்கும் இப்படித்தான். நான் ஏதோ கேட்டேன். பாதி பதில் சொன்னாரு, அப்புறம் வாயை மூடிக்கிட்டாரு. என்மேல கோபம், இவன்கிட்ட என்ன பேச்சுன்னு நிறுத்திட்டாருன்னு நினைச்சேன்."

"அப்புறம் பேசினாரா?"

"பேசினாரு. கொஞ்ச தூரம் போயி. நான்தான் காதுல வாங்கல. முறுக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் காலை அழுத்த வேண்டிய இடம் வந்தது. அழுத்தவில்லை. வண்டி தானாகத் தளர, பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கிற வரை அப்படியே போகவிட்டாள்.

"கோபமெல்லாம் இல்ல தம்பி. மேடு வந்திருக்கும்."

பங்குக்கு வந்தார்கள். அதே பைப், தானாக நிற்கும் வரை. தம்பி மீட்டரைப் பார்த்து, போனில் தட்டிப் பார்த்தான். திரும்பவும் அழித்துத் தட்டினான்.

"இருபது. இருபதுக்கு மேலயே கொஞ்சம்."

"இருபத்திரண்டு இல்லையே" என்றாள் அவள், மெய்யாகவே வருத்தத்துடன்.

"நீங்க ஓட்ட ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு? அவரு எத்தனை வருஷம்? என்னத்தச் சொல்றீங்க!" போனைச் சட்டைப் பையில் போட்டான்.

பின்னால் வரிசையில் நின்ற டாக்சிக்காரர் இறங்கி வந்தார். "என்ன சார், வண்டி கிளம்பலையா?"

"கிளம்பாம என்ன? லிட்டருக்கு இருபது குடுத்திருக்கு!"

"இந்த மாடலா?" டாக்சிக்காரர் காரை மேலும் கீழும் பார்த்தார். "என் மச்சான் இதையே வெச்சுக்கிட்டு அழுதுட்டிருக்கான். யாருகிட்ட சார் கதை விடறீங்க?"

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "கதையா? வண்டியைப் பாத்து என்ன பேச்சு, ஓட்டறவரைப் பாத்துப் பேசணும். எங்கண்ணன் ஓட்டி நீங்க பாத்ததில்ல. இந்த இருபதெல்லாம் அவருக்கு ஒரு மைலேஜே கிடையாது. இருபத்தஞ்சு எடுப்பாரு! இதே வண்டியில, இதே ரோட்டுல, இருபத்தஞ்சு!"

பங்கில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் சீட்டில் ஏறிவிட்டிருந்த அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, இருபத்திரண்டு."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு டாக்சிக்காரரிடம், "இருபத்திரண்டு" என்றான். எண் குறைந்ததே தவிர, குரல் குறையவில்லை.