கண்ணீர் தடைசெய்யப்பட்ட ஆண்டு

கொட்டகலை பஜாரில் போன் திருத்தும் கடையில் வேலை பார்க்கும் ஜூட்சனுக்கு, உலகம் எப்படிக் கெட்டுப்போகப் போகிறது என்பது துல்லியமாகத் தெரியும். கொழும்பில் யாரோ குறும்படப் போட்டி அறிவித்த நாளிலிருந்து அதைத்தான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். வருடம் 2095. கண்ணாடிக் கட்டடங்கள், பறக்கும் பஸ்கள். ஒவ்வொருவர் முகத்தையும் காலையில் ஓர் இயந்திரம் பார்க்கும். அழுத முகமென்றால் அன்றைக்கு அந்த ஆள் மனிதக் கணக்கிலேயே இல்லை. இப்படியொரு கற்பனை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எவனுக்கும் வந்ததில்லை என்று ஜூட்சன் மனதார நம்பினான். பறக்கும் பஸ்ஸுக்குக்கூட வழி கண்டிருந்தான்; பொகவந்தலாவை பஸ் வளைவில் திரும்பும்போது எடுத்தால் போதும்.

கதாநாயகிக்கு அலையத் தேவையிருக்கவில்லை. கொழுந்து பறிக்கும் அக்கா ஷிராணி வீட்டிலேயே இருந்தாள். போன மாதம் அப்பா சூசைரட்ணத்தை அடக்கம் செய்தபோது லயமே அழுதது. அவள் மட்டும் சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மண் போட்டுவிட்டு வந்து பாத்திரம் கழுவினாள். அன்றிலிருந்து ஜூட்சன் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் கலை என்று வந்துவிட்டால் கோபதாபம் பார்க்க முடியுமா? கல்நெஞ்சுக்காரி வேடத்துக்குக் கல்நெஞ்சுக்காரியே கிடைத்துவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவளை உட்காரவைத்துக் கதையைச் சொன்னான். பின்னணி இசையையும் வாயாலேயே போட்டான். ஷிராணி கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரத்துக்குப் பயந்தே அழாமல் வாழ்ந்த பெண், கடைசியில் வாய்விட்டு அழுகிறாள், அத்தோடு படம் முடிகிறது என்றான்.

"இது எங்க பெரட்டு தானே தம்பி," என்றாள் அவள்.

ஜூட்சனுக்குச் சுருக்கென்றது. ஷிராணி நிதானமாக விளக்கினாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், ஆறு மாதமாகக் கணக்கப்பிள்ளை ஒரு போனை ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் பிடிக்கிறார். பக்கத்து லயத்து மீனம்மா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வீங்கிய முகத்தோடு போய் நின்றபோது, அந்தப் போனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாள் வருகைக் கணக்கில் பேர் விழவில்லை. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. முகம் வற்றியதும் வரச்சொல்லி, கணக்கப்பிள்ளை மிகுந்த கரிசனத்தோடு அனுப்பிவைத்தாராம்.

"அப்பாவைப் பொதைச்ச மறுநாளே பெரட்டு இருந்துச்சு. நீயும் கடைக்குப் போகாம படுத்துட்ட. வீட்டுல யாருக்காச்சும் பேரு விழணுமில்ல."

ஜூட்சனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அவளைக் கல் என்று நினைத்திருந்தான். அழுகிற காட்சி வேண்டாம், விட்டுவிடலாம் என்றான்.

"ஏன் வேணாம்? எடு," என்றாள் ஷிராணி. "சனிக்கெழமை சாயங்காலம் வச்சுக்க. ஞாயித்துக்கெழமை பெரட்டு இல்ல, மொகம் வத்திரும். அப்பாவுக்கும் சேத்து அழுதுக்கிறேன்."