வாய் திறக்காத சென்டர்

என்னை வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் பேச வேண்டியிருந்தது. தம்பி ஏழடி வளர்ந்தான். குரல் மட்டும் வளரவே இல்லை. பதினான்கு வயதில் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறான். அந்த ஒட்டடைக்கம்பு உடம்பிலிருந்து கீச்சென்று வந்த குரலைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றைக்கு மூடிய வாய்தான். கடையில் ஷூ அளவு கேட்பதிலிருந்து, வலி எந்த முழங்காலில் என்று டாக்டரிடம் சொல்வது வரை எல்லாம் என் தலையில் விழுந்தது.

பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆரம்பித்து, ஜூனியர் அணி, இரண்டாம் பிரிவு கிளப் என்று மேலே போனான். ஒவ்வொரு அலுவலகத்திலும் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான்தான் பேசி முடித்தேன். கடைசியில் முதல் பிரிவு கிளப் ஒன்று, சீசன் முடியும்வரை பார்க்கலாம் என்று அவனை எடுத்துக்கொண்டது. பந்தைத் தட்டிவிடுவதிலும் கூடையடியில் மோதி நிற்பதிலும் அவனை யாரும் குறை சொல்லவில்லை. பிரச்சினை வாய்தான்.

பந்தாடுகிறவனுக்கு வாய் எதற்கு என்று நான் கோச்சிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். தடுத்து ஆடும்போது மற்ற நான்கு பேரும் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தைப் பார்த்து நிற்பார்கள். அந்த நேரம் எதிரணித் தடியன் ஒருவன் ஓசைப்படாமல் வந்து பக்கத்தில் தூண் மாதிரி நின்றுவிடுவான். அதற்குப் பெயர் ஸ்கிரீன். விதிப்படி தப்பே இல்லை. தெரியாமல் திரும்புகிறவன் அவன் நெஞ்சில் போய் மோத வேண்டியதுதான். கூடையடியில் நிற்கும் சென்டரின் கண்ணுக்கு மட்டும்தான் அது முன்கூட்டியே தெரியும். தடியன் இடப்பக்கம் வந்தால் ‘இடது’ என்றும், வலப்பக்கம் வந்தால் ‘வலது’ என்றும் சென்டர் கத்த வேண்டும். கேட்டவன் மறுபக்கம் விலகித் தப்பித்துக்கொள்வான்.

என் தம்பி கத்தவில்லை. அணியிலேயே குள்ளமானவன் சுண்டெலி. எங்களோடு ஒரே வீட்டில்தான் தங்கியிருந்தான். போன ஆட்டத்தில் அப்படி மோதி விலாவில் அடிபட்டு, சிரிக்கக்கூட முடியாமல் கிடந்தான். அதே இடத்தில் இன்னொரு தரம் பலமாகப் பட்டால் எலும்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் கட்டுப் போட்டுக்கொண்டு கடைசி ஆட்டத்துக்குக் கிளம்பினான்.

அன்று காலை கோச் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“இன்னிக்கு அவன் எத்தன பாயின்ட் எடுக்கறான்னு நான் பாக்கப் போறதில்லம்மா. குரல் குடுத்தா ஒப்பந்தம். இல்லன்னா திங்கக்கிழமை வேற சென்டர் வர்றான். வாயத் திறந்தா என்ன, முத்தா உதிர்ந்துடும்?”

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வார்த்தையாவது கத்திக் காட்டு என்று சமையலறையிலேயே அவனை நிற்கவைத்தேன். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். சுண்டெலி விலாவைப் பிடித்துக்கொண்டு, விடுங்கக்கா, நான் பார்த்து ஆடிக்கொள்கிறேன் என்றான். அதைக் கேட்டுத் தம்பியின் முகம் இன்னும் செத்துப்போனது.

அரங்கத்தில் நம் பையன்கள் காக்கும் கூடைக்குப் பின்னாலேயே இடம் பிடித்தேன். ஆட்டம் சூடுபிடித்ததும் எதிரணித் தடியன் சுண்டெலியின் வலப்பக்கம் நகர்ந்தான். தம்பி பார்த்துவிட்டான். வாய் மட்டும் திறக்கவில்லை. நான் என்ன செய்வேன்? “வலது!” என்று நானே கத்தினேன்.

என் குரலுக்கு மைக் தேவையில்லை. யார் கத்தினார்கள் என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் சுண்டெலி சட்டென்று விலகித் தப்பித்தான். அப்புறம் விடுவேனா? இடைவேளை வரைக்கும் இடதும் வலதுமாகக் கத்தித் தீர்த்தேன். கோச் ஒரு முறை திரும்பி முறைத்தார். முறைக்கட்டுமே, முன்னிலையில் இருந்தது யார்? உள்ளே போகும்போது தம்பி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. நம் பையன்கள் காக்க வேண்டிய கூடை எதிர்க்கோடிக்குப் போய்விட்டது. அவர்கள் இப்போது என்னைப் பார்த்து நிற்கிறார்கள். என் இடது அவர்களுக்கு வலது. முன்னிலை கிடைத்த ஜோரில் இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. தடியன் நகர்ந்ததும் எழுந்து நின்று மூச்சைப் பிடித்து “இடது!” என்று கத்தினேன்.

சுண்டெலி என் பேச்சை நம்பி வலப்பக்கம் பாய்ந்தான். தடியன் அங்கேதான் நின்றான். மோதிய சத்தம் என் இருக்கை வரை கேட்டது. கீழே விழுந்தவன் சுருண்டு கிடந்தான்.

அரங்கமே அமைதியாகிவிட்டது. தம்பி அவன் பக்கத்தில் மண்டியிட்டான். பிறகு எழுந்து, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நேராக என்னைப் பார்த்தான்.

“அக்கா! வாய மூடு!”

கீச்சென்ற அதே குரல். ஒரு கணம் ஒருவருக்கும் புரியவில்லை. அப்புறம் கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோச் என்னைச் சுட்டிக்காட்ட, காவலாளி வந்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் யார் தெரியுமா என்று வழியெல்லாம் அவரிடம் கத்தினேன். தெரியும்மா, சென்டரோட அக்கா, வாங்க என்றார்.

நடையில் ஒரு பெஞ்சு, ஒரு குளிர்பான மெஷின், ஈரத் துடைப்பம் ஒன்று. கதவைச் சாத்திவிட்டார்கள். என்னையா வாயை மூடச் சொன்னான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம். சுண்டெலி எழுந்தானா? உள்ளே கூட்டம் ‘கீச், கீச்’ என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு. போச்சு, இனி இந்த ஜென்மத்தில் அவன் வாயைத் திறக்க மாட்டான் என்று நினைத்தேன்.

விசில் கேட்டது. பந்து தட்டும் சத்தம். வேறொன்றும் இல்லை. நான் கதவில் காதை வைத்தேன்.

“வலது! சுண்டெலி, வலது!”

சுண்டெலி ஆடுகிறான். எனக்குப் போன உயிர் வந்தது. கூட்டம் உடனே ‘கீச்’ என்றது. அடுத்து பந்து நம் பக்கம் வரும்வரை நான் மூச்சே விடவில்லை. “இடது!” மறுபடியும் கேலி. மறுபடியும் அவன் குரல். தடித்த குரல்கள் எல்லாம் அந்த இரைச்சலில் கரைந்துபோயின, அவனுடையது கரையவில்லை. போகப் போகக் கேலி தேய்ந்தது, கூட்டாளிகள் அவனுக்குப் பதில் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு தரம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கதவைத் தள்ளப் போனேன். காவலாளியும் கதவில் காது வைத்திருந்தார். கையை நீட்டி என்னைத் தடுத்து, இருங்கம்மா என்றார். உள்ளே குரல் எழும்பியது. என் கை என் வாயைப் பொத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். சுண்டெலிதான் முதலில் வெளியே வந்தான். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். எலும்பு முறியவில்லையாம்.

“அடுத்த தடவ எங்க பக்கமா வந்து உக்காருங்கக்கா. இல்லாட்டி வீட்லயே இருங்க” என்று சிரிக்கப் போய், வலியில் முகத்தைச் சுளித்தான்.

தம்பி தோளில் துண்டோடு வந்து நின்றான். கத்தியதற்கு அவன் வருத்தம் சொல்வான் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. அதற்குள் கோச் அலுவலகக் கதவைத் திறந்து, ஒப்பந்தம் பேசணும், ரெண்டு பேரும் வாங்க என்றார். பழக்க தோஷம், என் கால்கள் தானாக நடந்தன. உள்ளே வழக்கம்போல இரண்டு நாற்காலிகள். தம்பி வாசலிலேயே நின்று, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“நீயே போய்ப் பேசு. நிலையில தலைய இடிச்சுக்காதே.”

அவன் குனிந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அரங்கக் கதவைத் தாண்டி வந்த குரல் இந்தக் கதவைத் தாண்டி வரவில்லை. மெதுவாகவே பேசினான் போலிருக்கிறது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.